கேனான் 8-15 மி.மீ. ஃபிஷ்ஐ: ஜூம் என்று நம்பி வாங்காதீர்கள்

2011-ல் விற்பனைக்கு வந்த கேனான் ஈஎஃப் 8-15 மி.மீ. எஃப்/4எல் ஃபிஷ்ஐ லென்ஸில் (மிக அகலமாகப் பார்த்து, கோடுகளை வளைத்துக் காட்டும் மீன்கண் லென்ஸ்) ஜூம் வளையம் இருக்கிறது. ஆனால் அதைத் திருப்பினால் தூரத்துப் பொருள் பக்கத்தில் வரும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

ஃபுல் ஃபிரேம் (36×24 மி.மீ. சென்சார் உள்ள) கேமராவில் இது 8-லும் 180 டிகிரியைப் பார்க்கும், 15-லும் மூலைக்கு மூலை ஏறக்குறைய அதையே பார்க்கும். மாறுவது அந்தக் காட்சி சென்சாரில் எவ்வளவு பெரிய வட்டமாக விழுகிறது என்பதுதான். இந்த வகை மீன்கண் லென்ஸில் 180 டிகிரி வட்டத்தின் விட்டம், குவியத் தூரத்தைப்போல (லென்ஸின் மி.மீ. எண்) சுமார் 2.83 மடங்கு. 8 மி.மீ.க்கு 22.6 மி.மீ. வருகிறது. சென்சாரின் உயரம் 24 மி.மீ. என்பதால் முழு வட்டமும் அடங்கி, சுற்றிலும் கறுப்பு நிற்கும். 15-க்கு 42.4 வருகிறது. சென்சாரின் மூலைவிட்டம் 43.3 என்பதால் படம் மூலைவரை நிரம்பிவிடும். சாதாரண வைடு லென்ஸால் 180 டிகிரியை எட்டவே முடியாது. நேர்கோட்டை நேராகவே காட்ட வேண்டுமென்றால் அதற்கு எல்லையில்லாத அகலமுள்ள சென்சார் தேவைப்படும்.

நடுவில் உள்ள எண்களால் பெரிய பயனில்லை. 12-ல் வட்டம் 34 மி.மீ.; பக்கவாட்டில் அடங்கும், மேலும் கீழும் வெட்டுப்படும், மூலைகள் இருட்டாக இருக்கும். கத்தரித்தால்தான் உருப்படி. ஆகவே இதை ஒரே குழாய்க்குள் இருக்கும் இரண்டு லென்ஸ்கள் என்று எண்ணி விலையை எடைபோடுங்கள்.

கிராப் சென்சார் (ஃபுல் ஃபிரேமைவிடச் சிறியது) வைத்திருப்பவர்கள் கவனிக்க: முழு வட்டம் உங்களுக்குக் கிடைக்காது, அதற்கு 5 மி.மீ. அளவில் லென்ஸ் வேண்டும். 10 மி.மீ.யிலேயே படம் மூலைவரை நிரம்பிவிடும். பக்கத்தில் உள்ள சுவிட்சை லிமிட்டில் தள்ளிவிட்டால் வளையம் அதற்குக் கீழே இறங்காது. தள்ள மறந்தால் மூலைகளில் கறுப்பு விழும். சின்னத் திரையில் அது கண்ணில் படாமலே போகலாம்.

ஃபுல் ஃபிரேமில் 8-க்கு வரும்போது ஹூடை (லென்ஸின் முன்னால் மாட்டும் வெளிச்ச மறைப்பு) கழற்றியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அதுவே படத்துக்குள் வந்துவிடும். சிக்கல் என்னவென்றால், லென்ஸ் மூடி மாட்டுவது அந்த ஹூடின் மேல்தான். கழற்றிய பிறகு புடைத்து நிற்கும் முன்கண்ணாடிக்குப் பாதுகாப்பே இல்லை. வடிவமைப்பில் பெரிய குறை என்றால் இதுதான். முன்னால் ஃபில்டர் போடவும் வழியில்லை. பின்பக்கத்தில் ஜெலட்டின் துண்டைச் (மெல்லிய தாள் போன்ற ஃபில்டர்) செருகும் இடம் மட்டும் உண்டு.

கிட்டத்து ஃபோகஸ்தான் இதன் பலம். 15 செ.மீ. என்கிறார்கள், அது சென்சாரிலிருந்து அளப்பது. கண்ணாடியிலிருந்து பார்த்தால் இரண்டு செ.மீ.யைச் சற்றே தாண்டும். ஒரு பூ படத்தை அடைத்துக்கொண்டு நிற்க, பின்னால் வானம் முழுவதும் வளைந்து கிடக்கும். ஆனால் அவ்வளவு நெருங்கினால் லென்ஸின் நிழலே பூவின் மேல் விழும். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வர வேண்டும். எட்டத்துக் காட்சிகளுக்கு 15 மி.மீ., எஃப்/8 வைத்து ஒரு மீட்டரில் ஃபோகஸைப் பூட்டிவிடுங்கள். சுமார் அரை மீட்டரிலிருந்து கடைசிவரை தெளிவாக இருக்கும்.

வளைவைக் கட்டுக்குள் வைக்க ஒரே விதி: படத்தின் மையத்தை வெட்டிச் செல்லும் கோடு வளையாது. அடிவானத்தை நடுவில் வைத்தால் நேராக நிற்கும். கேமராவைக் கீழே சாய்த்தால் மேல்நோக்கி உப்பும், மேலே தூக்கினால் குழியும். 8-ல் உங்கள் கால்விரல், டிரைபாட் கால், கேமரா வார் எல்லாம் ஃபிரேமுக்குள் வரும். மென்பொருளில் நேராக்கலாம்தான், ஆனால் ஓரங்கள் இழுபட்டுக் குழையும். பாதியை வெட்டி எறிய வேண்டியிருக்கும். அதற்கு வைடு லென்ஸே வாங்கிக்கொள்ளலாம்.

ஆர்எஃப் மவுண்ட் கேமராவில் (கேனானின் மிரர்லெஸ் வகை) போடுபவர்கள், ஃபில்டர் செருகும் வசதியுள்ள அடாப்டரை வாங்குங்கள். என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைப்பது) லென்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்துவிடும், ஜெலட்டினைக் கத்தரிக்கும் வேலையும் மிச்சம். போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைத்து வானத்தைக் கருநீலமாக்கும் ஃபில்டர்) மட்டும் வேண்டாம்: இவ்வளவு அகலத்தில் வானத்தின் ஒரு பகுதி மட்டும் திட்டாகக் கறுத்துப்போகும்.