டேட்டாராப்பர்: கிணற்றுக் கணக்கை ஊருக்குக் காட்ட நல்ல கருவி

நொய்யல் ஆற்றோரத்தில் உப்புத்தண்ணிப் புகார் புதிதில்லை. 1992-ல் பாசனத்துக்கென்று கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணி தேங்கியதும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் இங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனால் இன்றைக்கு நம் கிணற்றில் என்ன இருக்கிறது என்று கிராம சபையில் பேசப் போனால் கையில் இருப்பது லேப் ரிப்போர்ட் கட்டுதான், அதை யார் புரட்டுவார்கள்? அதற்காகத்தான் எண்களைப் படமாக்கித் தரும் டேட்டாராப்பர் என்ற இணையக் கருவியைப் பிடித்தோம்.

பெர்லின் கம்பெனியுடையது. இன்ஸ்டால் பண்ண வேண்டாம், பிரவுசரிலேயே எக்செல் அட்டவணையை ஒட்டினால் பட்டைப் படம் வந்துவிடும், தலைப்பும் குறிப்பும் தமிழிலேயே அடிக்கலாம். எனக்கு ரொம்பப் பிடித்தது குறுக்கே அளவுக்கோடு போடும் வசதி. குடிதண்ணீரில் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு, லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அந்த இரண்டு கோட்டையும் போட்ட பிறகு நாங்கள் விளக்க வேண்டியது பாதியாகக் குறைந்துவிட்டது.

அப்புறம் வரிசை. அதிகம், குறைவு என்று அடுக்கினால் யார் கிணறு மோசம் என்றுதான் பேச்சு போகும், ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள். அதனால் ஆற்றிலிருந்து எவ்வளவு தூரம் என்று அடுக்கி, ஆள் பேரை எடுத்துவிட்டு வேப்பமரத்துத் தோட்டம், மேட்டுத் தோட்டம் என்று மட்டும் போட்டோம். ஆற்றோரம் உயரமாக நின்ற பட்டைகள் மேட்டுப்பக்கம் போகப் போக இறங்கின. ஒரு பெரியவர் விரலை வைத்து, "ஏனுங்க, வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் இருக்கறது நம்ம போருங்களா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு பேச்சை நாங்கள் நடத்தவே வேண்டியிருக்கவில்லை.

ஆதாரம் எழுத தனிக் கட்டம் இருக்கிறது, அதைக் காலியாக விடாதீர்கள். எந்த லேப், எந்தத் தேதி என்று எழுதியிருந்தால் அதிகாரி சும்மா தட்டிக்கழிக்க முடியாது. நிறக்குருடு உள்ளவர்களுக்கு நிறம் பிரிந்து தெரியுமா என்று பார்க்கவும் வசதி உண்டு, சிவப்பும் பச்சையும் போடுகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

ஒரு குறை: இலவசக் கணக்கில் பிஎன்ஜி படம்தான் கிடைக்கும், எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத பிடிஎஃப், எஸ்விஜி வேண்டுமென்றால் காசு. வாட்ஸ்அப்புக்கு பிஎன்ஜியே போதும். பெரிய ஃப்ளெக்ஸ் அடிக்கப் போகிறீர்கள் என்றால் அதே எண்களை வைத்து இங்க்ஸ்கேப் என்ற படம் வரையும் மென்பொருளில் வரைந்துகொள்ளுங்கள், அது முழுக்க இலவசம்.