உருமாறும் கொரோனா, மாறாத மூக்கு: நாலு மாஸ்க்கில் எதை எடுத்தேன்

2025 மே கடைசியில் அம்மா போகிற டயாலிசிஸ் சென்டரின் கதவில் ஒரு தாள் ஒட்டினார்கள். "உள்ளே வருபவர்கள் கட்டாயம் முகக்கவசம் அணியவும்." எப்படிப்பட்ட முகக்கவசம் என்று அதில் இல்லை. ஒருவர் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வந்தார், அவரையும் விட்டார்கள். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம், ஜன்னல் திறக்காத ஏசி ஹால். அங்கே படுத்திருக்கிற யாருக்கும் இன்னொரு காய்ச்சலைத் தாங்கத் தெம்பு கிடையாது. அதனால் எனக்கு இது வேடிக்கையான கேள்வி இல்லை. வீட்டு அலமாரியில் அப்போது நாலு வகை மாஸ்க் கிடந்தன: துணி, மெடிக்கல் ஷாப் மூன்றடுக்கு, காதில் மாட்டுகிற என்95, தலையைச் சுற்றிப் போடுகிற என்95. நாலையும் போட்டுப் பார்த்தாயிற்று. கடைசி வகையில் நின்றுவிட்டேன். அதன் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

முதலில் உருமாறிய கொரோனா வகைகளின் பெயர்க் குழப்பம். அந்த வாரம் டிவியில் ஓடிய திரிபுகள் என்.பி.1.8.1, எல்.எஃப்.7. மரபணு ஆய்வு செய்யும் இன்சாகாக் அமைப்பு, முதலாவது ஏப்ரலில் தமிழ்நாட்டில் ஒருவருக்கும், இரண்டாவது மே மாதம் குஜராத்தில் நாலு பேருக்கும் இருந்ததாகச் சொன்னது. பக்கத்து வீட்டு அக்கா, "டெல்டா மாதிரி சுலபமா ஒரு பேர் வைக்கக் கூடாதா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். 2021 நவம்பர் 26 அன்று ஒமிக்ரான் என்று பெயர் வைத்தார்கள். அதற்குப் பிறகு உலக சுகாதார நிறுவனம் புதுக் கிரேக்க எழுத்து எதையும் எடுக்கவில்லை. பிறகு உலகம் சுற்றியதெல்லாம் ஒமிக்ரானின் பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன்தான். 2023 டிசம்பரில் கேரளத்தில் தென்பட்ட ஜே.என்.1, பி.ஏ.2.86 என்பதன் வாரிசு. வைரஸின் மேலே முள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிற ஸ்பைக் புரதத்தில் 455ஆவது இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியதுதான் அதற்குக் கூடுதல் பலம். பெயர் எக்ஸ் என்று தொடங்கினால் இரண்டு வம்சம் கலந்த கலப்பு என்று அர்த்தம். 2025இல் வந்த எக்ஸ்.எஃப்.ஜி அப்படிப்பட்டது.

இந்த மாற்றம் யாரை ஏமாற்றுகிறது? நம் உடம்பில் இருக்கிற எதிர்ப்புப் புரதங்களை. பழைய போட்டோவை வைத்துக்கொண்டு ஆளைத் தேடுகிற போலீஸ் மாதிரி அவை. மீசையை எடுத்துவிட்டு வந்தால் கோட்டை விட்டுவிடும். உள்ளே இருக்கிற டி செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் கொஞ்சம் சாமர்த்தியம், வைரஸின் வேறு துண்டுகளை வைத்தும் அடையாளம் காணும். தொற்று வந்தாலும் பலருக்குக் கடுமையாகாமல் போவதில் அவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் மீசையை எடுத்தாலும் வளர்த்தாலும் வைரஸ் வருகிற வழி மாறவில்லை. இன்னொருவர் மூச்சு, பேச்சு, இருமலிலிருந்து காற்றில் ஏறி நம் மூக்குக்கு வருகிறது. 2020 மார்ச்சில் "இது காற்றில் பரவுவது அல்ல" என்று அடித்துச் சொன்ன உலக சுகாதார நிறுவனம், 2021இல் தன் விளக்கத்தை மாற்றிக்கொண்டது. கதவைச் சாத்திவிட்டு சாம்பிராணி போட்ட அறையை நினைத்துக்கொள்ளுங்கள். தட்டை எடுத்துப்போன பிறகும் புகை நிற்கும். ஊசியைத் திரிபுக்குத் தகுந்தபடி புதுப்பிக்க வேண்டியிருக்கிறது, மாஸ்க்குக்கு அந்தத் தொல்லை இல்லை. ஒரு தடவை சரியாகத் தேர்ந்தெடுத்தால் அடுத்த பெயர் வரும்போதும் அதே மாஸ்க்தான்.

துணி மாஸ்க்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ரேஷன் கடை வரிசையில் ஐந்நூறு ரூபாய் அபராதத்திலிருந்து காப்பாற்றியது, அவ்வளவுதான். வங்கதேசத்தில் 600 கிராமங்களில், மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து ஒரு பெரிய சோதனை நடத்தினார்கள். மூன்றடுக்கு கொடுத்த ஊர்களில், அறிகுறியோடு வந்து ரத்தப் பரிசோதனையில் உறுதியான தொற்று சுமார் 11 சதவீதம் குறைந்தது. அறுபது வயது தாண்டியவர்களிடம் பலன் இன்னும் அதிகம். துணி கொடுத்த ஊர்களில் தெளிவான பலன் தெரியவில்லை. துணி மாஸ்க்குகளை நான் இப்போது ஒட்டடை அடிக்க வைத்திருக்கிறேன்.

மூன்றடுக்கைக் குறை சொல்ல மனசு வரவில்லை. மலிவு, லேசு, எங்கும் கிடைக்கும். நடுவில் இருக்கிற அடுக்கு நல்ல வடிகட்டிதான். சிக்கல் இரண்டு பக்கமும் கன்னத்தில் விரிகிற இடுக்கு. சென்னை வெயிலில் பீச்சிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயிலில் போனால் பாதி வழியில் வியர்வையில் நனைந்து மூக்கில் ஒட்டும், ஓரமெல்லாம் இன்னும் விரியும். ஒவ்வொரு மூச்சுக்கும் காற்று வடிகட்டிக்குள் போகாமல் சுலபமான வழியில், பக்கவாட்டில் போய் வருகிறது.

நான் சொல்ல வந்த விஷயமே இந்த இடுக்குதான். மாஸ்க் வாங்கப் போனால் எல்லோரும் வடிகட்டும் சதவீதத்தைப் பேசுவார்கள். என்95 என்றால் வடிகட்டுவதற்குக் கடினமான 0.3 மைக்ரான் அளவுத் துகளிலும் குறைந்தது 95 சதவீதத்தைப் பிடிக்கும் என்று பொருள். "வைரஸ் அதைவிடச் சின்னதாச்சே, நுழைஞ்சிடாதா?" என்று என் மைத்துனர் இன்றைக்கும் கேட்கிறார். அவர் மனசில் இருப்பது சல்லடை. இது சல்லடை இல்லை. ரொம்பச் சின்னத் துகள் நேராகப் பறக்காது, தள்ளாடித் தள்ளாடிப் போய் ஏதாவது ஒரு இழையில் மோதும். போதாததற்கு இழைகளில் நிலைமின்னேற்றம் ஏற்றியிருக்கிறார்கள். தலை சீவின சீப்பில் காகிதத் துணுக்கு ஒட்டுகிற மாதிரி துகள் ஒட்டிக்கொள்ளும். வைரஸும் பெரும்பாலும் தனியாக வருவதில்லை, எச்சில் துளியின் உலர்ந்த மிச்சத்தோடு வருகிறது. ஆக வடிகட்டியைப் பற்றிய கவலை வேண்டாம். வடிகட்டி வழியாகப் போகாத காற்றைப் பற்றித்தான் கவலை. குடையில் ஓட்டை இல்லாவிட்டாலும் பக்கவாட்டுச் சாரலில் நனைகிறோமே, அது மாதிரி.

காதில் மாட்டுகிற வகை இங்கேதான் தோற்றது. காது எலும்பில்லாதது, இழுத்தால் வளையும். மாஸ்க்கை முகத்தோடு அழுத்திப் பிடிக்கிற அளவுக்கு நாடா இறுக்கமாக இருந்தால் அரை மணியில் காது வலிக்கும். வலிக்காத அளவுக்குத் தளர்வாக இருந்தால் மூக்கோரம் காற்று கசியும். தலைப்பட்டையில் அந்தப் பிடி பின்மண்டைக்கும் பிடரிக்கும் போகிறது. என் சோதனைக் கருவி என் கண்ணாடிதான். காதுப்பட்டை போட்டுக்கொண்டு படியேறினால் கண்ணாடியில் ஆவி படியும், தலைப்பட்டையை ஒழுங்காகப் போட்டால் படியாது. ஆவி படிந்தால் மூக்கோரம் இடுக்கு இருக்கிறது என்று அர்த்தம். கண்ணாடி போடாதவர்கள் இரண்டு கையாலும் மாஸ்க்கை மூடிக்கொண்டு பலமாக ஊதிப் பார்க்கலாம். கண்ணுக்கோ கன்னத்துக்கோ காற்று வந்தால் மூக்குக் கம்பியை மறுபடி அழுத்த வேண்டும். ஒரு விரலால் கிள்ளாமல் இரண்டு கை விரலாலும் நடுவிலிருந்து பக்கவாட்டுக்குத் தடவி அழுத்த வேண்டும்.

கொண்டை போடுகிறவர்களுக்கு ஒன்று. மேல்பட்டை கொண்டைக்கு மேலே உச்சியோரம், கீழ்ப்பட்டை கொண்டைக்குக் கீழே பிடரியில். இரண்டையும் ஒரே இடத்தில் போட்டால் நழுவிவிடும். தாடி வைத்த ஆண்களுக்கு எந்தப் பட்டையும் முழுப் பலன் தராது. முடிகளுக்கு நடுவே காற்று போகும், என் கணவர் இதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. இன்னொன்று நான் எதிர்பார்க்கவே இல்லை. அம்மாவுக்குக் காது மெஷின் உண்டு. காதுப்பட்டை மாஸ்க்கைக் கழற்றும்போதெல்லாம் மெஷினும் சேர்ந்து வரும். ஒரு தடவை ஆட்டோவிலிருந்து இறங்கும்போது தெறித்து விழுந்து, டிரைவரும் நானும் சீட்டுக்கடியில் பத்து நிமிஷம் தேடினோம். அந்த மெஷின் விலைக்கு ஒரு கூடை மாஸ்க் வாங்கலாம்.

வாங்கும்போது நான் ஏமாந்தேன். ஒரு கடையில் என்95 என்று அச்சடித்த காதுப்பட்டை மாஸ்க் கட்டாக வாங்கினேன். அதில் கம்பெனி பெயர் இல்லை, தர எண் இல்லை. இப்போது ஐ.எஸ்.ஐ முத்திரை, ஐ.எஸ். 9473 என்ற எண், எஃப்.எஃப்.பி.2 என்ற வகை, மூன்றும் இருக்கிறதா என்று பார்த்துத்தான் எடுக்கிறேன். நம் ஊர்த் தரத்தில் என்95க்குக் கிட்டத்தட்ட சமமானது இந்த எஃப்.எஃப்.பி.2. என்95க்கு அங்கீகாரம் தருகிற அமெரிக்க அமைப்பான நையாஷின் பெயர் போட்டிருந்தால் காதுப்பட்டை இருப்பதே சந்தேகத்துக்குரியது. போலியைக் கண்டுபிடிக்க அவர்கள் சொல்கிற அடையாளங்களில் அதுவும் ஒன்று. "குழந்தைகளுக்கு அங்கீகாரம் பெற்றது" என்ற வாசகமும் அப்படித்தான், அப்படி ஒரு அங்கீகாரத்தை அவர்கள் தருவதே இல்லை. வால்வு வைத்தது வேண்டாம். நாம் விடுகிற மூச்சு அதன் வழியாக வடிகட்டாமல் வெளியே போகும். டயாலிசிஸ் ஹாலில் அது அடுத்த படுக்கைக்காரருக்குச் செய்கிற துரோகம்.

செலவுக் கணக்கில் தலைப்பட்டை முதலில் கசக்கும். நான் வாங்கியது ஒன்று எழுபது ரூபாய் சொச்சம். ஒரே நாளில் தூக்கிப் போட்டால் யாருக்கும் கட்டாது. ஆனால் துவைக்கவும் கூடாது. சோப்பு, சானிடைசர் எது பட்டாலும் அந்த நிலைமின்னேற்றம் போய்விடும், பார்க்கப் புதுசு மாதிரி இருக்கும், வடிகட்டாது. என் மாமியார் ஒன்றைப் பாசத்தோடு வாஷிங் மெஷினில் போட்டு, கொடியில் காயவைத்து, மடித்துக் கொடுத்தார். நன்றி சொல்லி வாங்கிக் குப்பையில் போட்டேன். வழி என்னவென்றால் சுழற்சி. அமெரிக்க நோய்த்தடுப்பு மையமான சிடிசி, மாஸ்க் தட்டுப்பாட்டுக் காலத்தில் மருத்துவமனை ஊழியர்களுக்குச் சொன்னது: ஒன்றைப் போட்ட பிறகு குறைந்தது ஐந்து நாள் காற்றோட்டமான காகிதப் பையில் ஓய்வு, மொத்தம் ஐந்து தடவைக்கு மேல் வேண்டாம். எங்கள் வீட்டு ஹாலில் ஐந்து ஆணி, ஐந்து காகிதப் பை. பிளாஸ்டிக் கவர் கூடாது, வியர்வை உள்ளேயே புழுங்கும். ஐந்து தடவை என்றால் ஒரு நாளுக்குப் பதினாலு, பதினைந்து ரூபாய்.

ஐந்துக்கு முன்னாலேயே சில சமயம் தூக்கிப் போடுகிறேன். அழுக்கைப் பார்த்து அல்ல, பட்டையைப் பார்த்து. ரப்பர் தளர்ந்து, கண்ணாடியில் ஆவி வர ஆரம்பித்தால் அந்த மாஸ்க்கின் ஆயுள் முடிந்தது. சென்னை உப்புக்காற்றில் ரப்பர் சீக்கிரம் பல்லிளிக்கும். மலிவான காதுப்பட்டைகளில் இரண்டாம் நாளே நான் இதைப் பார்த்தேன்.

இப்போது தலைப்பட்டையின் குறை. அம்மாவால் நாலு மணி நேரமும் அதைப் போட்டிருக்க முடியவில்லை, மூச்சு முட்டுகிறது என்று இறக்கிவிடுகிறார். அதனால் அவருக்கு மட்டும் காதுப்பட்டையில் ஒரு சின்ன ஏற்பாடு: இரண்டு காது நாடாவையும் பின்மண்டையில் ஒரு கொக்கியால் இணைத்துவிட்டேன். கசிவு குறைந்தது, மெஷினும் தப்பித்தது. தலைப்பட்டை அளவுக்கு இறுகாது, ஆனால் மூக்கில் நிற்கிற மாஸ்க், தாடையில் தொங்குகிற மாஸ்க்கைவிட எவ்வளவோ மேல். குழந்தைகளுக்கு எது சரி என்று என் அனுபவத்திலிருந்து சொல்ல முடியாது, எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இல்லை. கொரியாவிலிருந்து தோழி கொண்டுவந்த படகு வடிவ மாஸ்க் இரண்டே இரண்டுதான் போட்டேன், அதுவும் காதுப்பட்டைதான், ஆனால் கன்னத்தில் நன்றாகப் படிந்தது. இரண்டை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

ஊசியை விட்டுவிட்டு மாஸ்க்கைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அம்மா 2022 ஜனவரியில் முன்னெச்சரிக்கை டோஸ் போட்டுக்கொண்டவர். அடுத்து போடலாமா, எது போடலாம் என்பது அவருடைய சிறுநீரக டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி, கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். வீட்டில் யாருக்காவது தொண்டை கரகரத்தால் சுயபரிசோதனைக் கிட், நெகட்டிவ் வந்தாலும் மறுநாள் இன்னொன்று. அதுவரை அம்மா அறையில் ஜன்னல் திறந்திருக்கும், மின்விசிறி வெளிப்பக்கம் பார்த்து ஓடும்.

எந்த மாஸ்க்கும் உதவாத ஒரே இடம் கல்யாணப் பந்தி. அங்கே நாங்கள் முதல் பந்திக்கே போய்விடுகிறோம், கூடம் நிறைவதற்கு முன்னால், ஜன்னலோர வரிசையில். பாயசம் வருகிற நேரத்தில் அம்மாவின் கொக்கி மாட்டியாகிவிடும். "இன்னுமாம்மா மாஸ்க்?" என்று கேட்கிற உறவுக்காரர்களுக்கு அவர் காது மெஷினைக் காட்டி, கேட்கலை என்று சைகை செய்துவிடுகிறார்.