பிளஸ் டூ மதிப்பெண்ணா, முதல் வாரத் தேர்வா?

சேலத்துக் கல்லூரியில் முதலாண்டுப் புள்ளியியல் படிக்க வருபவரின் ஆயத்தத்தை அறிய, பிளஸ் டூ கணித மதிப்பெண்ணைப் பார்ப்பது ஒரு வழி. முதல் வாரத்திலேயே சிறு தேர்வு வைப்பது மற்றொன்று. மதிப்பெண் செலவில்லாமல் கையில் கிடைக்கிறது. ஆனால் தொகை நுண்கணிதத்தில் தேர்ந்தவர் விழுக்காட்டில் தடுமாறுவதை அது காட்டாது, கணிதமே எடுக்காமல் வணிகவியலுக்கு வந்தவரைப் பற்றியோ ஒன்றும் சொல்லாது.

தேர்விலோ, ஏற்காட்டுக் காப்பிக் கொட்டையின் விலை 20 விழுக்காடு ஏறி, பின் 20 விழுக்காடு இறங்கினால் பழைய விலை வருமா என்று கேட்கலாம். ‘வரும்’ என்பவருக்கு, 100 ரூபாய் 120 ஆகி 96இல் நிற்பதை அங்கேயே விளக்கிவிடலாம். இன்னொரு கேள்வியில், ஐவரின் நாள் வருமானம் 500, 520, 540, 560, 1880 ரூபாய் எனில் கூட்டுச் சராசரி 800, இடைநிலை, அதாவது வரிசையின் நடுவில் நிற்கும் மதிப்பு, 540. இவற்றுள் எது அவர்களின் நிலையைச் சரியாகச் சொல்கிறது என்பதற்குச் சூத்திரம் மட்டும் உதவாது. திருத்தும் வேலை ஆசிரியர் தலையில்தான் விழும்; ஆயினும் நான் விரும்புவது இந்தச் சிறு தேர்வையே, இதன் மதிப்பெண்ணை அகமதிப்பீட்டில் சேர்க்காதவரை.