குடும்ப மருத்துவத் துறை எங்கே இருக்க வேண்டும்? கல்லூரி வளாகமா, தாலுகா மருத்துவமனையா?

தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி 2008-இல் தொடங்கியது. கிருஷ்ணகிரிக் கல்லூரி 2022-இல் போலுப்பள்ளியில் வந்தது. குடும்ப மருத்துவம் என்பது வயதும் நோயும் பாராமல் ஒரு குடும்பம் முழுவதையும் ஒரே மருத்துவர் தொடர்ந்து கவனிப்பது. எம்.பி.பி.எஸ். நடத்தும் கல்லூரி அதைத் தனித் துறையாக வைத்தே தீர வேண்டும் என்று, மருத்துவக் கல்விக்கு விதி வகுக்கும் தேசிய மருத்துவ ஆணையம் கட்டாயப்படுத்தவில்லை. 2017-ஆம் ஆண்டு தேசிய நலவாழ்வுக் கொள்கையோ குடும்ப மருத்துவத்தில் எம்.டி. படிப்பைப் பரவலாக்க வேண்டும் என்று சொல்கிறது. கொள்கை கேட்கிறது, விதி கேட்கவில்லை. இந்த இடைவெளியில் எதைச் செய்வது என்பது கல்லூரி முதல்வரும் மூத்த பேராசிரியர்களும் உட்கார்ந்து எடுக்க வேண்டிய முடிவு. அவர்கள் முன்னால் இருக்கும் வழிகளை இங்கே ஒப்பிடுகிறேன்.

என் அளவுகோலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடும்ப மருத்துவத் துறை என்றால் அதற்கென்று பெயர் தெரிந்த, முகம் தெரிந்த குடும்பங்கள் இருக்க வேண்டும். இந்த ஆயிரம் குடும்பங்களுக்கு நாங்கள் பொறுப்பு என்று ஒரு துறையால் சொல்ல முடியாவிட்டால், அறைக் கதவில் எந்தப் பலகை தொங்கினாலும் அது இன்னொரு புறநோயாளிப் பிரிவுதான்.

யாருடைய நிழலில்?

சமுதாய மருத்துவத் துறையின் கீழ் ஒரு பிரிவாகத் தொடங்குவது எல்லாவற்றிலும் எளிது. அந்தத் துறையிடம் கிராமப்புறப் பயிற்சி மையம் இருக்கிறது, கணக்கெடுப்பில் பழக்கம் இருக்கிறது. எம்.பி.பி.எஸ். மாணவர்கள் குடும்பங்களைத் தத்தெடுக்கும் திட்டத்தையும் அதுதான் நடத்துகிறது. ஆனால் அங்கே மருத்துவர் கேட்கும் கேள்வி ஊரைப் பற்றியது: எத்தனை பேருக்கு ரத்தசோகை, எத்தனை குழந்தைகளுக்குத் தடுப்பூசி விடுபட்டது. எதிரில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு இன்று என்ன மருந்து, எந்த மருந்தை நிறுத்துவது என்ற அன்றாட சிகிச்சை அங்கே இரண்டாம் இடத்துக்குப் போய்விடும்.

பொது மருத்துவத் துறையின் கீழ் வைத்தால் சிகிச்சைத் திறன் கூர்மையாகும். ஆனால் குழந்தை, கர்ப்பிணி, மனநலம், சிறு அறுவை சிகிச்சை எல்லாம் கைநழுவும். உள்நோயாளி வார்டில் ஆள் குறையும்போதெல்லாம் முதலில் இழுக்கப்படுவது குடும்ப மருத்துவத்துக்கு ஒதுக்கிய உதவிப் பேராசிரியராகத்தான் இருப்பார். இந்த இரண்டில் ஒன்று என்றால் நான் சமுதாய மருத்துவத்தையே தேர்வேன், அதுவும் தனித் துறையாகப் பிரியும் தேதியை எழுதி வாங்கிக்கொண்டு.

வளாகமா, தாலுகாவா?

உண்மையான போட்டி இங்கேதான். தருமபுரி நகரத்துக் கல்லூரி மருத்துவமனையில் துறையை அமைத்தால் பரிசோதனைக் கூடம், ஸ்கேன், பிற துறை நிபுணர்கள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பார்கள். மாணவர்கள் வகுப்பிலிருந்து நடந்தே வரலாம். ஆணையத்தின் ஆய்வுக் குழு வந்தால் காட்டுவதற்கு ஓர் இடம் இருக்கும். இவை சின்ன விஷயங்கள் அல்ல. புதிய துறை ஒன்று முதல் மூன்று ஆண்டுகளைத் தாண்டுவதற்கு இவை வேண்டும்.

ஆனால் பெரிய மருத்துவமனையின் ஓ.பி. வரிசை எப்படிப்பட்டது என்று எண்ணிப் பாருங்கள். காலையில் சீட்டு வாங்குபவர் இன்று ஒரு மருத்துவரைப் பார்ப்பார், அடுத்த மாதம் வேறொருவரை. தொப்பூர் கணவாய் விபத்தில் அடிபட்டவர்களை ஆம்புலன்சில் கொண்டுவந்தால் மொத்த மருத்துவமனையும் அந்தப் பக்கம் திரும்பும், திரும்பத்தான் வேண்டும். அந்தச் சூழலில், பாலக்கோட்டிலிருந்து மூட்டுவலியோடு வந்த பெண்ணிடம் உங்கள் வீட்டில் எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்க யாருக்கு நேரம் இருக்கும்?

அந்தக் கேள்வி இந்த மாவட்டத்தில் மிக முக்கியமானது. தருமபுரியின் நிலத்தடி நீரில் பல இடங்களில் புளோரைடு அதிகம். அளவு மீறினால் அது பல்லில் கறையையும் எலும்பிலும் மூட்டிலும் வலியையும் தரும். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு நீர் கிடைக்காவிட்டால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். 2013-இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் நோக்கமே இதைச் சரிசெய்வதுதான். ஆனாலும் குழாய்த் தண்ணீர் வராத நாளில் ஆழ்துளைக் கிணற்றுக்குத் திரும்பும் வீடுகள் உண்டு. மகனின் பல்லில் பழுப்புக் கறை, தாய்க்கு இடுப்பும் முழங்காலும் இறுகிய வலி, பெங்களூரில் கட்டட வேலை செய்துவிட்டு மாதம் ஒருமுறை வரும் தந்தைக்குச் சர்க்கரை நோய். இந்த மூவரும் மூன்று துறைகளுக்குப் போனால் மூன்று சீட்டுகள் கிடைக்கும். ஒரே மருத்துவரிடம் வந்தால், முதல் இரண்டுக்கும் தண்ணீரே காரணமாக இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றும். ஆண்டுக்கணக்கில் வலி மாத்திரை விழுங்கும் தாயின் சிறுநீரகத்தைப் பரிசோதிக்க வேண்டும் என்பதும் அவருக்குத்தான் தோன்றும். மாணவருக்குக் குடும்ப மருத்துவத்தைக் கற்பிக்க இதைவிட நல்ல பாடம் கிடையாது. அது பென்னாகரத்திலும் பாலக்கோட்டிலும் தினமும் கிடைக்கிறது.

இதே மாவட்டத்தில் இதற்குச் சான்றும் இருக்கிறது. டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் 1993-இல் சித்தேரி மலையடிவாரச் சிட்டிலிங்கியில் சிறிய குடிசையில் மருத்துவமனையைத் தொடங்கினார்கள். உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்துச் செவிலியர்களாக்கினார்கள். தங்களுக்கென்று ஒரு பள்ளத்தாக்கின் மக்கள் என்ற பொறுப்புணர்வுதான் அந்த முயற்சியின் முதுகெலும்பு.

ஆராய்ச்சிக்கும் இந்த வழியே வலு சேர்க்கும். நோயாளிக்கு மருத்துவம் எவ்வளவு தேவையோ அவ்வளவுக்கு அது கிடைக்காமல் போகிறது என்ற தலைகீழ் விதியை 1971-இல் எழுதிய ஜூலியன் டியூடர் ஹார்ட், வேல்ஸ் நாட்டின் சுரங்கக் கிராமம் ஒன்றில் பொது மருத்துவராக இருந்தவர். தம் பொறுப்பில் இருந்த ஊர்மக்களின் ரத்த அழுத்தத்தை விடாமல் அளந்து பின்தொடர்ந்ததிலிருந்துதான் அவருடைய ஆய்வுகள் பிறந்தன. தனக்கென்று மக்கள் இருந்தால் அரூர்த் தாலுகாவிலிருந்தும் அப்படி ஆய்வு வரலாம்.

தாலுகா வழியின் பலவீனம் நிர்வாகத்தில் இருக்கிறது. கல்லூரி மருத்துவக் கல்வி இயக்ககத்தின் கீழ், தாலுகா மருத்துவமனை ஊரக நலப் பணிகள் இயக்ககத்தின் கீழ், ஆரம்ப சுகாதார நிலையம் பொது சுகாதாரத் துறையின் கீழ். பேராசிரியர் பென்னாகரத்தில் உட்கார்ந்து நோயாளி பார்க்க வேண்டுமானால் இந்த மூவரிடமிருந்தும் கையொப்பம் வேண்டும். இதை மாவட்ட ஆட்சியரும் கல்லூரி முதல்வரும் சேர்ந்து கேட்டால் ஒழியப் பெற முடியாது. ஆகவே என் தேர்வு இது: பெயரும் வகுப்பறையும் கல்லூரியில், நோயாளிகளும் குடும்பப் பட்டியலும் பென்னாகரத்தில். நகரத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர், பஸ்ஸில் போய் வரும் தூரம்.

தலைமைக்கு யார்?

மூத்த பொது மருத்துவப் பேராசிரியர் ஒருவரைத் தலைவராக்கினால் முதல்வர் அறையில் அவர் பேச்சுக்கு மதிப்பிருக்கும். ஆய்வுக் குழு கேட்கும் ஆவணங்கள் அவருக்கு அத்துப்படி. மாறாக, குடும்ப மருத்துவத்தில் முதுநிலைப் பட்டம் பெற்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதினைந்து ஆண்டுகள் இருந்தவருக்குக் குடும்பங்களைத் தெரியும், மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்களைப் பெயர் சொல்லி அழைக்கத் தெரியும். பதவிப் படிநிலையில் அவர் கீழே இருப்பார்.

2025-இல் வந்த ஆசிரியர் தகுதி விதிமுறைகள் 220 படுக்கைகளுக்குக் குறையாத அரசு மருத்துவமனைகளில் பணியாற்றிய நிபுணர்களுக்குக் கற்பித்தல் பணிக்குள் வரக் கதவைத் திறந்தன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் எத்தனை ஆண்டு உழைத்தாலும் அந்தக் கதவு திறக்காது. இது எனக்கு வருத்தம் தருகிறது. குடும்ப மருத்துவத்துக்காவது விதி வேறாக இருக்க வேண்டும் என்று மாநில அரசு ஆணையத்திடம் வாதாட வேண்டும். அதுவரை மூத்த பேராசிரியரைத் தலைவராக்கலாம், ஒரு நிபந்தனையுடன்: வாரத்தில் இரண்டு நாள் அவரே பென்னாகரத்தில் ஓ.பி. பார்க்க வேண்டும். தான் பார்க்காத நோயாளியைப் பற்றிப் பாடம் எடுக்கும் தலைவரின் பேச்சு இளம் மருத்துவரிடம் எடுபடாது.

எம்.டி.யா, டி.என்.பி.யா?

இதில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. எம்.டி. கல்லூரிக்குப் பெருமை தரும், ஆனால் ஆசிரியர் எண்ணிக்கை சேரும்வரை காத்திருக்க வேண்டும். தேசியத் தேர்வு வாரியம் தரும், எம்.டி.க்கு இணையான மூன்றாண்டு டி.என்.பி. பட்டப் படிப்பையும், 2020-இல் கொண்டுவரப்பட்ட ஈராண்டு டிப்ளோமாவையும் மாவட்ட அளவிலான மருத்துவமனையிலேயே நடத்தலாம். டிப்ளோமாவில் தொடங்கி எம்.டி.க்கு ஏறுவதே நடைமுறைக்கு ஏற்றது. அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு இந்த இடங்களில் முன்னுரிமை கிடைத்தால், படித்து முடித்தவர்கள் இதே மாவட்டத்தில் தங்குவதற்கான வாய்ப்பும் கூடும்.

கிருஷ்ணகிரிக்கு வேறு கணக்கு

பென்னாகரத்துக்குச் சொன்னதை அப்படியே போலுப்பள்ளிக்குப் பொருத்த முடியாது. ரத்த அழுத்தம், சர்க்கரை போன்ற நோய்களுக்கு வீடு தேடிப் போய் மருந்து தரும் மாநில அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான். எந்த வீட்டில் யாருக்கு ரத்த அழுத்தம், யாருக்குச் சர்க்கரை என்ற விவரம் களப்பணியாளர்களின் பதிவேட்டில் ஏற்கெனவே இருக்கிறது. புதிய துறை குடும்பப் பட்டியலைப் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

இடம் என்று வரும்போது ஓசூரும் தேன்கனிக்கோட்டையும் போட்டியிடும். ஓசூரில் முறைப்பணி (ஷிப்ட்) செய்யும் ஆலைத் தொழிலாளர்கள், வட மாநிலங்களிலிருந்து வந்து வாடகை அறையில் தங்கியிருப்பவர்கள், தூக்கமின்மை, முதுகுவலி, காலம் தவறிய சாப்பாடு. கற்பிக்க ஏராளமாக இருக்கிறது. தேன்கனிக்கோட்டைப் பக்கம் தளி, அஞ்செட்டி மலைக் கிராமங்கள். தமிழோடு தெலுங்கும் கன்னடமும் தெரிந்தால்தான் நோயாளி சொல்வது முழுதாகப் புரியும். நான் தேன்கனிக்கோட்டையைத் தேர்வேன். ஓசூர்க்காரர் காசு கொடுத்தாவது அருகில் ஒரு மருத்துவரைப் பார்த்துவிட முடியும், அஞ்செட்டி மலையில் இருப்பவருக்கு அந்த வழி இல்லை. ஓசூருக்கு ஞாயிற்றுக்கிழமையும் வாரத்தில் இரண்டு மாலைகளும் ஓ.பி. நடத்தினால் முறைப்பணித் தொழிலாளர்கள் விடுப்பு எடுக்காமல் வர முடியும். முதல் ஆண்டில் அரசிடம் கேட்க வேண்டியது புதிய கட்டடம் அல்ல: இரண்டு உதவிப் பேராசிரியர் பணியிடம், கன்னடமும் தெலுங்கும் தெரிந்த ஒரு செவிலியர், தேன்கனிக்கோட்டைக்குப் போய்வர ஒரு வண்டி.