வண்டன்மேட்டுப் பக்கம் நடக்கும் "இலவச எலும்பு முகாம்": தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் கவனிக்கவும்

கம்பத்திலிருந்து மேடு ஏறி, கேரளாவில் இருக்கிற ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிற குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டில் மஞ்சள் துணிப்பையில் "மூணு மாசக் கோர்ஸ்" என்று எலும்பு மருந்து இருந்தால், அடுத்த பாக்கெட்டைப் பிரிப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

என் அம்மா பல வருஷமாகக் காய் எடுக்கப் போகிறவர். விடியும் முன் ஜீப் ஏறினால் பொழுது சாய்ந்துதான் வீடு. ஏலச்செடி மர நிழலில் வளர்வது. தலைக்கு மேல் மரம், உடம்பில் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, மழைக்காலத்தில் பிளாஸ்டிக் கோட்டு. நாளெல்லாம் வெளியில் வேலை செய்தும் தோலில் வெயில் படாது. வைட்டமின் டி குறைய எல்லாக் காரணமும் இருக்கிறது, அது பொய்யில்லை. அந்த உண்மையை வைத்துத்தான் இந்த முகாம்காரர்கள் உள்ளே வந்தார்கள்.

தமிழிலும் மலையாளத்திலும் நோட்டீஸ் அடித்து, ஞாயிற்றுக்கிழமை பார்த்து, வண்டன்மேட்டுப் பக்கம் ஒரு மண்டபத்தில் முகாம் போட்டார்கள். வெள்ளைக் கோட்டுப் போட்ட இரண்டு பையன்கள். "முட்டி வலிக்குதா சேச்சி? இடுப்பு பிடிக்குதா?" நாள் முழுக்கக் குனிந்து காய் பறிக்கிற எந்தப் பொம்பளை இல்லை என்று சொல்வாள்? குதிகாலில் பசை தடவி ஒரு சின்ன மிஷினுக்குள் காலை வைக்கச் சொல்லி, ஒரு நிமிஷத்தில் சீட்டு எடுத்துக் கொடுத்தார்கள். அம்மாவுக்கு சிவப்புக் கோட்டில் மைனஸ் 3.4. அம்மாவோடு போன எல்லாருக்கும் சிவப்புதான். பக்கத்து வீட்டில் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத பெண்ணுக்கும் "எலும்பு அரிச்சிருச்சு, வழுக்கி விழுந்தா இடுப்பு நொறுங்கிடும்" என்றார்களாம்.

பை 5,600 ரூபாய். பாதி இப்போது, பாதி அடுத்த மாதம். உள்ளே பாலில் கலந்து தினமும் ஒன்று குடிக்கச் சொல்லி சின்னச் சின்ன பாக்கெட்டுகள், காலை இரவு ஒவ்வொன்றாகக் கால்சியம் மாத்திரை, "கடல் சிப்பிப் பொடி" என்று ஒரு டப்பா, தேய்க்க ஒரு எண்ணெய். பில் இல்லை. பேனாவில் தொகை எழுதிய துண்டுச் சீட்டு ஒன்றுதான்.

அம்மா சொன்னபடி சாப்பிட்டார். காசு கொடுத்து வாங்கியதை வீணாக்குகிற ஆள் இல்லை. ஒரு மாதம் தாண்டியதும் பசி போனது. அப்புறம் மலச்சிக்கல், ஓயாத தாகம், ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து சிறுநீர். பிறகு வாந்தி. சீட்டில் இருந்த எண்ணுக்கு அம்மா போன் செய்தபோது வந்த பதில்: "உள்ள இருக்கிற கழிவு வெளியேறுது சேச்சி, மருந்து வேலை செய்யுது, நடுவுல நிறுத்திடாதீங்க." அம்மா மேலும் இரண்டு வாரம் குடித்தார். விற்றதைக்கூட ஒரு வகையில் வியாபாரம் என்று விட்டுவிடலாம். வாந்தி எடுக்கிறவரிடம் நிறுத்தாதே என்று சொன்னதை என்னால் விட முடியவில்லை.

நான் திருப்பூரிலிருந்து வந்து பார்த்தபோது அம்மா பேச்சு குழறிப்போய், என்ன கிழமை என்று தெரியாமல் படுத்திருந்தார். தேனி பக்கத்தில் க.விலக்கில் இருக்கிற அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். "என்னென்ன சாப்பிடறாங்க, எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க" என்று டாக்டரம்மா கேட்க, தம்பி அந்த மஞ்சள் பையை அப்படியே மேஜையில் கொட்டினான். அவர் வேறு எதையும் பார்க்காமல் பாக்கெட்டைத்தான் எடுத்தார். அதில் பொடி எழுத்தில் வைட்டமின் டி 60,000 ஐ.யூ. (யூனிட்) என்று இருந்தது.

இந்த 60,000 யூனிட் பாக்கெட் ஒன்றும் புதுச் சரக்கு இல்லை. வைட்டமின் டி குறைவு என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்தால் டாக்டர்களே எழுதித் தருவதுதான். ஆனால் வாரத்துக்கு ஒன்று, வழக்கமாக எட்டு வாரம். கூட்டினால் 4,80,000 யூனிட். அம்மா தினம் ஒன்று குடித்ததில் முப்பது நாளிலேயே 18 லட்சம் யூனிட் உள்ளே போயிருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுவது 600 முதல் 800 யூனிட்தான். மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் நாமாகத் தினமும் எடுப்பதற்கு 4,000 என்பதை உச்ச வரம்பாக வைத்திருக்கிறார்கள்.

வைட்டமின் சி மாதிரி கூடுதலாகப் போனது சிறுநீரில் போய்விடும் என்று நினைக்காதீர்கள். டி கொழுப்பில் கரைந்து உடம்பிலேயே தங்குகிறது. அது அளவு மீறினால் குடல் கால்சியத்தை அள்ளி அள்ளி ரத்தத்துக்குள் விடும். எலும்பிலிருந்தும் உருவி எடுக்கும். ஆமாம், எலும்பைக் காப்பாற்ற வாங்கிய மருந்து எலும்பிலிருந்தே எடுக்கிறது. ரத்தத்தில் கால்சியம் சுமார் 8.5 முதல் 10.5 வரை இருக்க வேண்டும். அம்மாவுக்கு 13.6. வைட்டமின் டி 150-க்கு மேல் என்று மட்டும் ரிப்போர்ட்டில் வந்தது. விஷமாகிற அளவு என்று பொதுவாகச் சொல்வதே அதற்கு மேல்தான். கிரியேட்டினினும் ஏறியிருந்தது, அதாவது கிட்னி அடி வாங்க ஆரம்பித்திருந்தது. பையை நிறுத்தி, சலைன் ஏற்றி, கால்சியம் மெல்ல மெல்ல இறங்கியது. கொழுப்பில் சேர்ந்த டி கரைய மாதக்கணக்கில் ஆகும் என்பதால் வீட்டுக்கு வந்த பிறகும் ரத்தம் பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னார்கள்.

இத்தோடு முடியவில்லை. அம்மா தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர். "எல்லாத்தையும் காலையில வெறும் வயித்துல ஒண்ணாப் போட்டுக்கலாம்" என்று முகாமில் சொல்லியிருக்கிறார்கள். கால்சியம் தைராய்டு மாத்திரையைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் ஏறவிடாது. இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையையும் சில ஆன்டிபயாடிக்குகளையும்கூட கால்சியத்தோடு சேர்த்துப் போடக்கூடாது. அப்புறம் பிரஷர் மாத்திரை: அம்மாவுடையதில் ஹைட்ரோகுளோரோதயசைட் கலந்திருக்கிறது. அது கால்சியத்தைச் சிறுநீரில் போகவிடாமல் உடம்பிலேயே நிறுத்துகிற ரகம். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று அந்தப் பையன்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிட்னியில் கல் இருந்ததா என்றும் கேட்கவில்லை.

அந்தக் குதிகால் மிஷினைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது அல்ட்ராசவுண்ட். நல்ல மிஷினாக, தெரிந்தவர் கையில் இருந்தால், யாரை மேற்கொண்டு பரிசோதிக்கலாம் என்று ஓரளவு காட்டும், அவ்வளவுதான். எலும்பு அரிப்பு, அதாவது ஆஸ்டியோபோரோசிஸ் என்று முடிவாகச் சொல்ல, இடுப்பிலும் முதுகெலும்பிலும் டெக்ஸா என்கிற எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுக்க வேண்டும். அதில் வரும் எண், ஆரோக்கியமான இளவயதுக்காரர் எலும்போடு ஒப்பிட்டு நம் எலும்பின் அடர்த்தி எவ்வளவு குறைவு என்று காட்டுவது. உலக சுகாதார நிறுவனம் 1994-ல் வகுத்த கணக்குப்படி, மைனஸ் 2.5-ம் அதற்குக் கீழும்தான் ஆஸ்டியோபோரோசிஸ். மைனஸ் 1-க்கும் 2.5-க்கும் இடையில் என்றால் எலும்பின் அடர்த்தி கொஞ்சம் குறைவு என்று அர்த்தம். அம்மா தேறிய பிறகு மதுரையில் டெக்ஸா எடுத்தோம். மைனஸ் 1.7. மண்டபத்துச் சீட்டில் 3.4.

கால்சியமே விஷம் என்று நான் சொல்லவில்லை. டாக்டர் எழுதித் தந்து சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு நிறுத்த வேண்டாம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஒரு நாளைக்கு 1,200 மில்லிகிராம் வேண்டும்தான். ஆனால் அது சாப்பாட்டையும் சேர்த்த கணக்கு. நூறு கிராம் கேப்பையில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது, ஒரு டம்ளர் பாலில் 240 வாக்கில். இது போக எள், அகத்திக்கீரை, முள்ளோடு மெல்லுகிற சின்ன மீன். சாப்பாட்டில் வருவது போக எவ்வளவு குறைகிறதோ அதற்குத்தான் மாத்திரை.

மாத்திரை அட்டையில் ஒரு குழப்பம் உண்டு. முன்பக்கம் கால்சியம் கார்பனேட் 1,250 என்று பெரிதாக இருக்கும். அதில் உண்மையான கால்சியம் 500 மில்லிகிராம்தான், பின்பக்கம் இருக்கும். ஒரே நேரத்தில் 500-க்கு மேல் போட்டால் உடம்பு சரியாக உறிஞ்சாது, ஆகவே பிரித்துத்தான் போட வேண்டும். கார்பனேட் என்றால் சாப்பாட்டோடு. கேஸ் மாத்திரை தினமும் போடுகிறவர்களுக்கு சிட்ரேட் வகை ஒத்துப்போகும், அது வெறும் வயிற்றிலும் சேரும். பெரும்பாலான கால்சியம் மாத்திரையிலேயே கொஞ்சம் வைட்டமின் டி கலந்துதான் வருகிறது. சத்துமாவு டப்பாவிலும் இருக்கும். ஒவ்வொன்றின் பின்பக்கத்தையும் பார்த்துக் கூட்டுங்கள். கண் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

சிப்பிப் பொடி டப்பாவில் தயாரித்தவர் முகவரி இல்லை, தேதி இல்லை. உணவுத் துணைப்பொருள் என்று விற்றால் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்க வேண்டும், அதுவும் இல்லை. சுத்திகரிக்காத சிப்பியிலும் எலும்புத் தூளிலும் ஈயம் கலந்திருக்க வாய்ப்புண்டு. அதனால் அந்த டப்பாவை யாரும் தொட வேண்டாம். மருந்தாக விற்றால் மருந்துக் கடை உரிமம் வேண்டும். மண்டபத்து மேஜையில் வைத்து விற்க முடியாது.

புகார் கொடுக்கப் போனபோதுதான் எல்லையின் சௌகரியம் அவர்களுக்கு எவ்வளவு என்று புரிந்தது. முகாம் கேரளாவில், சீட்டில் இருக்கிற முகவரி தமிழ்நாட்டில், வாங்கியவர்கள் தினமும் மலை ஏறி இறங்குகிறவர்கள். அங்கே கேட்டால் இங்கே போ, இங்கே கேட்டால் அங்கே போ. இதை நம்பித் திரும்பி வந்துவிடாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கிய இடம் எதுவானாலும் நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே மனுப் போடலாம். ஐந்து லட்சம் வரை கட்டணமும் கிடையாது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்துவிடுங்கள், தமிழிலும் பேசலாம். நாங்கள் பதிந்திருக்கிறோம். தேனி நுகர்வோர் ஆணையத்துக்கான மனுவும் தயாராகிறது. விற்றவர்களின் போன் இப்போது அணைந்து கிடக்கிறது.

உங்கள் வீட்டில் அந்தப் பை இருந்தால் சாப்பிடுவதை நிறுத்தி, பையோடு ஆஸ்பத்திரிக்குப் போய், ரத்தத்தில் கால்சியமும் கிரியேட்டினினும் பார்க்கச் சொல்லுங்கள். வாந்தி, தாகம், குழப்பம் இருந்தால் அன்றைக்கே போங்கள். காலி பாக்கெட்டுகளையும் துண்டுச் சீட்டையும் தூக்கிப் போட வேண்டாம். எங்களிடம் எங்கள் வீட்டுச் சீட்டு ஒன்றுதான் இருக்கிறது. கம்பம், கூடலூர், குமுளிப் பக்கம் இன்னும் நாலைந்து பேருடையது சேர்ந்தால் மனு பலமாக நிற்கும் என்று வக்கீல் சொல்கிறார்.