இரண்டு கடலுக்கும் ஒரே படகு: ஆறு ஆண்டு ஓட்டிய அனுபவம்

2019இல் கீழக்கரையில் இந்தப் பாய்மரப் படகை இறக்கிய அன்று, கரையில் நின்ற பெரியவர் ஒருவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “இதற்கு எத்தனை அடி தண்ணீர் வேண்டும்?” பாயின் பரப்பு, வேகம், உள்ளே எத்தனை பேர் படுக்கலாம் என்று நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த எதையும் அவர் கேட்கவில்லை. கப்பலில் இன்ஜின் அறையிலேயே காலம் கழித்தவன் நான். அந்தக் கேள்வியின் கனம் எனக்கு அன்று புரியவில்லை.

புதுச்சேரியில் பழையதாக வாங்கிய ஃபைபர் படகு இது. 1980களில் ஐரோப்பாவில் கட்டியது. நீளம் 24 அடி, தண்ணீரில் படியும் நீளம் 20 அடி. மொத்த எடை ஏறக்குறைய 1,500 கிலோ. அதில் மூன்றில் ஒரு பங்கு அடிப்பாரம், அதாவது படகு கவிழாமல் இருக்க அடியில் வைக்கும் எடை. அடியில் இருக்கும் இரும்பு ஏராவை (படகு பக்கவாட்டில் நழுவாமல் தடுக்கும் தகட்டை) கைச்சக்கரத்தால் உள்ளே இழுத்துக்கொள்ளலாம். இறக்கினால் நாலரை அடித் தண்ணீர் வேண்டும், தூக்கினால் ஒன்றரை அடி போதும். பாய்மரத்தை அடியில் கீல் வைத்து மடக்கிப் படுக்கவைக்கலாம். வேறு எந்தக் குறை இருந்தாலும் இந்த இரண்டுக்காகவே இதை விற்காமல் வைத்திருக்கிறேன்.

நம் கடற்கரையில் படகு வைத்திருப்பவன் ஆண்டுக்கு இருமுறை வீடு மாற வேண்டும். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் (மன்னார் வளைகுடா) கொதிக்கும், வடகடல் (பாக் நீரிணை) அடங்கியிருக்கும். வாடை என்னும் வடகிழக்குக் காற்று தொடங்கினால் தலைகீழ். மண்டபத்து மீனவர்கள் காலங்காலமாக இப்படித்தான் படகுகளை மாற்றிக் கட்டுகிறார்கள். நானும் மே மாதம் கச்சானை முதுகில் வாங்கிக்கொண்டு ஏறக்குறைய 25 கடல் மைல் கிழக்கே ஓடிப் பாம்பனைக் கடப்பேன்; ஐப்பசியில் வாடையோடு திரும்புவேன். பாம்பன் கால்வாயில் நீவாடு (நீரோட்டம்) அசுர வேகம், இருபுறமும் பாறை. பாய்மரம் நின்றபடி போவதானால் ரயில் பாலம் தூக்கும் நாளுக்காகக் காத்துக் கிடக்க வேண்டும். நான் மரத்தைப் படுக்கவைத்து, ஏராவைத் தூக்கி, 8 குதிரைத்திறன் மோட்டாரில் சிறு வள்ளங்களோடு சேர்ந்து அடியிலேயே நுழைந்துவிடுவேன். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலம் பழையதைவிட 3 மீட்டர் உயரம் என்பதால் தலைக்கு மேல் இப்போது இன்னும் தாராளம். முதல் தடவை மரத்தை இறக்க மூன்று பேருக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. இப்போது நானும் மருமகனும் இருபது நிமிடத்தில் முடித்துவிடுகிறோம்.

ஓட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். தண்ணீரில் படியும் நீளத்தை அடிக்கணக்கில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் இவ்வகைப் படகின் உச்ச வேகம் கிடைக்கும் என்பது பழைய கணக்கு. இதற்கு மணிக்கு 6 கடல் மைல் வருகிறது. கச்சானில் தேவிபட்டினத்துக்கு எதிரே ஐந்தரை வரை பார்த்திருக்கிறேன். காற்று நிலத்திலிருந்து வருவதால் கரையோரம் அலை எழாது. பாய் நிரம்பியிருக்கும், தண்ணீர் தகடு போல் கிடக்கும். அப்படி ஒரு ஓட்டம் வேறெங்கும் கிடைக்காது என்று பெருமை பேசலாம். ஆனால் தொண்டிப் பக்கத்துப் பந்தய வத்தைகள் (பாய் கட்டிய நாட்டுப் படகுகள்) ஒருநாள் சர்ரென்று என்னைத் தாண்டிப் போய்விட்டன. பெரிய பாய், எடையில்லாத உடல். பக்கக் காற்றில் அவற்றோடு மல்லுக்கு நிற்க முடியாது. காற்றை எதிர்த்து ஏறும்போது மட்டும், ஏரா முழுக்க இறங்கியிருந்தால், என் படகு அவற்றைவிடக் காற்று வரும் திசைக்குக் கொஞ்சம் நெருக்கமாகப் போகும்.

வாடை முந்திக்கொண்டு வந்துவிட்டால் நிலைமை வேறு. வடகடலில் பல இடங்களில் ஆழம் 10 மீட்டருக்கும் குறைவு. அலை குட்டையாக, செங்குத்தாக, ஒன்றன்மேல் ஒன்றாக வரும். நம் வத்தையின் அணியம் (முன்முனை) கத்தி போல் அதைப் பிளந்து போகும். என் படகின் அணியம் அகலம், உள்ளே இருவர் படுக்க இடம் வேண்டுமே. ஒவ்வொரு அலைக்கும் தட்டென்று அறையும், பற்கள் ஆடும். பின்புறம் தூக்கும்போது மோட்டாரின் விசிறி காற்றில் சுற்றி அலறும். படுக்க வசதியும் அலை பிளக்கும் கூர்மையும் ஒரே படகில் கிடைக்காது என்பதை உடம்பு வலியோடு கற்றேன்.

விளம்பரத் தாளில், வற்றத்தில் மணலில் தானாக உட்காரும், அடியைச் சுரண்டிச் சுத்தம் செய்யலாம் என்று எழுதியிருந்தார்கள். கடல் பல மீட்டர் இறங்கும் ஊருக்கு அது சரி. இங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டரைக்கூடத் தொடாது. ஆள் பிடித்து, உருளைக்கட்டை போட்டு, ‘ஏலேலோ’ பாடித்தான் ஏற்ற வேண்டும். உள்ளறையும் குளிர்நாட்டுக்காரனுக்கு அளவெடுத்தது. கைக்குட்டை அளவு ஜன்னல். சித்திரையில் இட்லிக் கொப்பரைதான். மேலே வெள்ளைத் துணிப் பந்தல் கட்டிய பிறகே மனிதன் இருக்கும்படி ஆயிற்று.

நங்கூரத்தையும் மாற்றினேன். கூடவே வந்த தட்டை நங்கூரம் கடற்புல்மேல் சறுக்கிக்கொண்டே போகும். நம்மூர்ப் பழைய கொக்கி நங்கூரம் பிடிக்கும். ஆனால் புல்லைப் பிய்க்கும், அது கடற்பசுவின் மேய்ச்சல் நிலம். ஆகவே மணல் திட்டுத் தேடிப் போடுகிறேன்.

இனி பெரிய குறை. ஒரு பங்குனியில், இரண்டு மாதம் சும்மா கட்டியிருந்த படகை எடுத்து ஓட்டினேன். ஏரா பாதி இறங்கி நின்றுவிட்டது. இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. திரும்பும்போது பாரை (கடலடிப் பாறைத் திட்டை) தாண்டிக் கரைக்கு வர வழியில்லை. வெளியே நங்கூரமிட்டேன். சங்கு குளிக்கும் பையன் ஒருவன் இரும்புக் கம்பியோடு மூழ்கினான். நான்காவது முறை மேலே வந்தபோது அவன் உள்ளங்கை நிறையக் கொட்டலசு (படகடியில் ஒட்டி வளரும் ஓட்டுயிர்), சிப்பி, உயிரோடு ஒரு குட்டி நண்டு. “காக்கா (அண்ணா), உள்ளே ஒரு தெருவே குடியிருக்கிறது” என்றான். ஏராவை வைத்திருக்கும் பெட்டிக்குள் வெளிச்சம் இல்லை, தண்ணீர் வெதுவெதுப்பு. ஒட்டுவனவற்றுக்கு வேறென்ன வேண்டும்? குளிர்கடலுக்கு வரைந்தவர் இதை நினைத்திருக்க மாட்டார்.

அடுத்த ஆண்டும் அதே கதை. பிறகு மண்டபத்தில் ஃபைபர் வேலை செய்பவரைக் கூட்டிவந்து, பெட்டியின் மேற்பக்கம், நீர்மட்டத்துக்கு மேலே, ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வெட்டித் திருகு மூடி போட்டேன். இரண்டாயிரம் ரூபாய்கூட ஆகவில்லை. வாரம் ஒருமுறை மூடியைத் திறந்து, நுனியில் தகடு கட்டிய மூங்கில் கழியை விட்டுச் சுரண்டுகிறேன். கழி படகிலேயே கிடக்கிறது.