சாமியை அழைக்காமல் குடியை நிறுத்துதல்: நான்கு ஆண்டு அனுபவம்

என் தந்தை படிப்பகத்தில் நாளிதழ் வாசித்து வளர்ந்தவர். மதுவிலக்குக்காகப் பெரியார் 1921 இல் தம் தோப்பிலிருந்த தென்னை மரங்களை வெட்டச் செய்த கதையை அவர் சொல்லிக் கேட்டே நாங்கள் வளர்ந்தோம். அந்த வீட்டில் பிறந்த நான் 2019 வாக்கில் நாளொன்றுக்கு இரண்டு குவார்ட்டர் குடிப்பவனாக ஆகியிருந்தேன். நிறுத்தியாக வேண்டும் என்ற நிலை வந்தபோது உறவினர்கள் காட்டிய வழிகள், கோயிலில் கயிறு கட்டுவது, மாலை போட்டு நாற்பத்தெட்டு நாள் விரதம் இருப்பது, ஜெபக் கூட்டத்துக்குப் போவது ஆகியவைதாம். இவற்றால் குடியை விட்டவர்களை நேரில் அறிவேன். அவர்கள் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆயினும், நான் நம்பாத ஒன்றின் மேல் செய்யும் சத்தியம் மாலை ஆறு மணிக்கு என் கால்களைக் கடைப் பக்கம் போகாமல் நிறுத்தாது என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அதனால் வேறு வழி தேடிக் கண்டடைந்த, கடவுளை முன்வைக்காமல் குடியிலிருந்து மீள உதவும் ‘ஸ்மார்ட் ரிகவரி’ அமைப்பின் இணையவழிக் கூட்டங்களையும், ஒரு மனநல மருத்துவரின் சிகிச்சையையும் 2021 முதல் நான்கு ஆண்டுகளுக்கு மேலாகப் பயன்படுத்திய அனுபவம் இது.

எல்லாவற்றுக்கும் முன்பாக ஓர் எச்சரிக்கையைச் சொல்லிவிட வேண்டும். 2020 மார்ச்சில் ஊரடங்கு அறிவிக்கப்பட்டு மதுக்கடைகள் மூடப்பட்டபோது, இதுவே நல்ல வாய்ப்பு என்று ஒரே நாளில் நிறுத்தினேன். இரண்டாம் நாள் தேநீர்க் கோப்பையைத் தூக்க முடியாத அளவுக்குக் கைகள் நடுங்கின. மூன்றாம் நாள் இரவு சுவரெங்கும் எறும்புகள் ஊர்வதாகச் சொல்லி, இல்லாத எறும்புகளைத் துண்டால் தட்டிக்கொண்டிருந்தேனாம். நெடுநாள் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் மனக் குழப்பமும் வரலாம் என்பதும், அதனால் உயிரே போகக்கூடும் என்பதும், மருத்துவமனையில் ஊசியும் தயமின் (வைட்டமின் பி1) மருந்தும் ஏற்றிய பிறகே எனக்குத் தெரிந்தன. ஆகவே தினமும் குடிப்பவர் எவராயினும், நம்பிக்கை உள்ளவரோ இல்லாதவரோ, முதலில் மருத்துவரிடம் செல்ல வேண்டும். தேசிய போதை மீட்பு உதவி எண் 14446, மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416 ஆகிய இரண்டுமே கட்டணமில்லாதவை.

அந்த நடுக்கம் தீர்ந்து சில வாரங்களில் மீண்டும் குடிக்கத் தொடங்கினேன். அடுத்த ஆண்டு ஒரு தனியார் மறுவாழ்வு மையத்தில் சேர்த்தார்கள். அங்கே காலை, மாலை இருவேளையும் பிரார்த்தனை கட்டாயம். கைகூப்பாமல் நின்ற என்னை ‘அகந்தை இன்னும் போகவில்லை’ என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்கள். முப்பது நாளில் நான் கற்றுக்கொண்டது வாயை மூடிக்கொண்டிருக்கத்தான். வெளியே வந்தபின், குடியை விட விரும்புவோர் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுவின் தமிழ்க் கூட்டங்களுக்குச் சில மாதங்கள் சென்றேன். அங்கே கிடைத்த அன்பை இன்றும் மறக்கவில்லை. இரவு பதினொரு மணிக்கு அழைத்தாலும் போனை எடுப்பார்கள். ஆனால் குடியை விட அவர்கள் வகுத்துள்ள பன்னிரண்டு படிகளில் ஆறு, கடவுளையோ நம்மினும் மேலான சக்தியையோ குறிப்பவை. ‘நீங்கள் எதை வேண்டுமானாலும் மேலான சக்தியாக வைத்துக்கொள்ளலாம், இந்தக் குழுவையே வைத்துக்கொள்ளுங்கள்’ என்று ஒரு மூத்த உறுப்பினர் பரிவோடு சொன்னார். முயன்று பார்த்தேன். என் அனுபவத்தைப் பகிரும் ஒவ்வொரு ஷேரிங்கிலும் பாதி உண்மையைத்தான் பேச முடிந்தது. குடியை விட வந்த இடத்தில் இன்னொரு மறைப்பு தொடங்கியதை என்னால் தாங்க முடியவில்லை.

ஸ்மார்ட் ரிகவரி 1994 இல் அமெரிக்காவில் அந்தப் பெயரைப் பெற்ற அமைப்பு. ஆல்பர்ட் எல்லிஸ் வகுத்த, எண்ணங்களைக் கேள்வி கேட்டுத் திருத்தும் சிகிச்சை முறையே அதன் அடித்தளம். ஊக்கத்தைத் தேடிக்கொண்டு தக்கவைத்தல், வேட்கையைச் சமாளித்தல், எண்ணம் உணர்வு நடத்தை ஆகியவற்றைக் கையாளுதல், சமநிலையான வாழ்வை அமைத்தல் என்ற நான்கு பகுதிகளைச் சுற்றித்தான் பேச்சு நடக்கும். ‘நான் ஒரு குடிநோயாளி’ என்று அறிவித்துக்கொள்ள வேண்டியதில்லை. கடவுள் உண்டா இல்லையா என்ற பேச்சே எழாது. ஒருவர் பேசியதும் மற்றவர்கள் கேள்வி கேட்கலாம், தங்கள் அனுபவத்தால் பதில் சொல்லலாம். பயிற்சி பெற்ற ஒருவர் கூட்டத்தை நடத்துவார். கட்டணம் கிடையாது, விரும்பினால் நன்கொடை தரலாம். அமெரிக்கக் கிழக்குக் கடற்கரையில் இரவு எட்டு மணிக்குத் தொடங்கும் கூட்டம் நமக்குக் கோடையில் விடியற்காலை 5:30, குளிர்காலத்தில் 6:30. இந்த நேரம் எனக்கு வாய்த்த பெரும்பேறு. நண்பகல் பன்னிரண்டு மணிக்குக் கடை திறக்கும் ஊரில், அன்றைய மாலையை எப்படிக் கடப்பது என்று விடியும்போதே பேசி முடித்துவிடுவேன்.

நான் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுபவன். அதனால் அவர்கள் கற்றுத் தந்த கருவிகளில் இலாப நட்டக் கணக்குத்தான் என்னோடு ஒட்டிக்கொண்டது. ஒரு தாளை நான்கு கட்டமாகப் பிரித்து, குடிப்பதால் பெறுவது, குடிப்பதால் இழப்பது, நிறுத்தினால் பெறுவது, நிறுத்தினால் இழப்பது என்று எழுத வேண்டும். ஒவ்வொன்றும் சில மணி நேரத்துக்கா, நெடுங்காலத்துக்கா என்றும் பக்கத்தில் குறிக்க வேண்டும். எனக்கு இதில் பிடித்தது, குடியிலும் பெறுவது ஒன்று உண்டு என்று நேர்மையாக ஒப்புக்கொள்ளும் அந்த முதல் கட்டம். ‘அலுவலகத்தில் வாங்கிய திட்டு மறந்துபோகும்’, ‘தூக்கம் வரும்’, ‘கவலை இல்லாத சிரிப்பு கிடைக்கும்’ என்று எழுதினேன். மூன்றுக்கும் எதிரே ‘சில மணி நேரம்’ என்று என் கையாலேயே குறித்தேன். இழப்புக் கட்டத்தில் மாதம் ஒன்பதாயிரம் ரூபாய் என்று எழுதியபோது பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. ‘மகள் பள்ளி ஆண்டு விழாவுக்கு என்னைக் கூப்பிடவில்லை’ என்று எழுதி, அதன் எதிரே ‘நெடுங்காலம்’ என்று குறித்தபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அந்தத் தாள் மடித்த இடத்தில் கிழிந்து, ஒட்டுத்தாள் போட்டு, இன்றும் பர்சில் இருக்கிறது.

வேட்கை அலை போல எழுந்து, உச்சம் தொட்டு, தானே தணியும் என்பதும் அங்கே கற்றதுதான். முதல் ஆறு மாதம் நேரத்தைக் குறித்து வைத்தேன். பெரும்பாலும் இருபது, இருபத்தைந்து நிமிடங்களில் அடங்கியது. பதினான்காம் மாதம் மைத்துனன் திருமணத்தில், ‘ஒரு ரவுண்டுதான மச்சான், இன்னிக்குக்கூடவா?’ என்று ஒருவர் கிளாஸை நீட்டியபோது வாங்கிவிட்டேன். மறுநாள் எழுந்த எண்ணம், ‘எல்லாம் போச்சு, இனி நிறுத்தி என்ன பயன்’ என்பது. வழுக்கியவரை முழுவதுமாக விழவைப்பது அந்த எண்ணம்தான் என்று மீள்குடி பற்றி ஆராய்ந்த ஆலன் மார்லட் விளக்கியிருப்பதைக் கூட்டத்தை நடத்தியவர் எடுத்துச் சொன்னார். பதினான்கு மாதத்தில் ஒரு நாள் குடித்தேன் என்பது உண்மை. எல்லாம் போயிற்று என்பது உண்மையா என்று கேட்டார். நானூற்றுச் சொச்சம் நாளை ஒரு நாள் அழித்துவிடாது என்று கணக்கு எழுதுபவனுக்குப் புரிந்தது. அதற்குப் பின் குடிக்கவில்லை.

மருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல்லீரல் பரிசோதனைக்குப் பின் மருத்துவர் நால்ட்ரெக்சோன் மாத்திரை தந்தார்; முதல் வாரம் குமட்டல் இருந்தது, பிறகு வேட்கையின் கூர்மை குறைந்தது; ஓராண்டு எடுத்துக்கொண்டேன். ‘மாத்திரை போட்டு நிறுத்துவது நிறுத்துவதே ஆகாது’ என்று சிலர் சொல்வதைக் கேட்டு எவரும் மனம் தளர வேண்டாம். ஆனால் குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம் என்று விற்கப்படும் பொடிகளைத் தயவுசெய்து வாங்காதீர்கள். அவற்றில் என்ன இருக்கும் என்று தெரியாது; குடியை நிறுத்தத் தரப்படும் டைசல்ஃபிராம் போன்ற மருந்து உடலில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அறிந்து, ஒப்புக்கொண்டு, மருத்துவர் கண்காணிப்பில் எடுக்க வேண்டிய மருந்து அது. எனக்குக் கலந்து கொடுக்கச் சொல்லி என் மனைவியிடமும் அப்படியொரு பொடியை யாரோ கொடுத்திருக்கிறார்கள். ‘உங்களுக்குத் தெரியாம உங்களக் குணப்படுத்தி என்ன செய்ய?’ என்று அவள் பின்னாளில் சொன்னாள்.

குறைகளையும் மறைக்கக் கூடாது. நான் கலந்துகொண்ட கூட்டங்கள் எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தவை. மனம் உடைந்த நேரத்தில் அயல்மொழியில் சொல் தேடுவது கடினம். திரையில் தெரியும் முகங்கள் மாலை ஆறு மணிக்கு என் தெருவில் இருப்பதில்லை. அந்த வகையில் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இன்றும் பல படி மேல். பன்னிரண்டு படி முறை மற்றச் சிகிச்சைகளுக்குக் குறைந்ததன்று, முழுமையாகக் குடியை விடுவதில் சற்று மேலானதுகூட என்று பல ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டு 2020 இல் வெளிவந்த காக்ரன் ஆய்வு கூறுகிறது. நம்பிக்கை உள்ளவர்கள் தயங்காமல் அங்கே செல்லலாம். எனக்குப் பொருந்தாதது அவர்களுக்குப் பொருந்தும்.

இந்தக் குறையால்தான், இரண்டு ஆண்டுகளாக ஞாயிறு மாலை ஆறு மணிக்கு எங்கள் ஊர்ப் படிப்பகத்தின் பின்னறையில் சிலர் உட்கார்ந்து பேசுகிறோம். பெயர்ப்பலகை இல்லை, பதிவேடு இல்லை. நான்கு பேர் வருவார்கள், சில வாரம் ஏழு பேர். நான்கு கட்டங்களையும் தமிழில் அச்சிட்டு வைத்திருக்கிறேன். சென்ற வாரம் புதிதாக வந்த ஓர் ஆட்டோ ஓட்டுநர் முதல் கட்டத்தை மட்டும் நிரப்பிவிட்டு, ‘மிச்சத்த வீட்டுல போய் எழுதுறேண்ணே’ என்று தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.